மண் விளக்குகள் பகரும் சான்று

இறந்தோரை நகருக்குள் புதைத்தலும் எரித்தலும் ஆகா என்று உரோமரின் பழஞ்சட்டமாகிய பன்னிரு பலகைகள் விதித்தன. ஆதலின் அவர்தம் இடுகாடுகள் நகர வாயிலுக்கு அப்பால், பெருவழிகளின் மருங்கே அமைந்தன. ஒசுத்தியாத் துறைமுகத்தின் அருகேயுள்ள இசோலா சாக்ரா அத்தகையது. அங்கே வணிகரும் கைவினைஞரும் செங்கற் கல்லறைகள் எழுப்பித் தம் பெயரைக் கல்லிற் பொறித்தனர். அவற்றிடையே ஏழைகளின் குழிகளும் உள. அவற்றுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. நிலத்தின்மேல் நீண்டு நிற்கும் சாடியின் கழுத்தே அடையாளம். அதனூடாகவே உறவினர் இறந்தோர்க்குரிய நீர்க்கடனை வார்த்தனர்.

பெயரற்ற இம்மக்களின் வாழ்வை நாம் எவ்வாறு அறிவது? உடன் வைத்த மட்கலங்களும் விளக்குகளுமே துணை.

உரோமரின் விளக்கு நம் அகலைப் போன்று திறந்ததன்று. மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனி அச்சில் வார்த்துப் பொருத்தப்பட்ட மூடிய கலம் அது. சிலவற்றின் அடியில் தொழிற்சாலையின் பெயர் காணப்படும். வட இத்தாலியில் தோன்றிய 'போர்த்திசு' முத்திரை பேரரசின் பல மாகாணங்களிலும் கிடைத்துள்ளது. பிறர் அவ்விளக்கிலிருந்தே அச்செடுத்துப் போலிகள் செய்தமையே காரணம். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்குதலால், ஒவ்வொரு படியும் முந்தியதிலும் சிறிதாகும். எனவே விளக்கின் அளவும் ஒரு சான்றாகின்றது. செருமானிய அறிஞர் ஐன்றிச் திறெசல் 1899இல் விளக்குகளை வடிவத்தால் வகுத்துக் காட்டினார். அன்றுதொட்டு வடிவம் காலத்தை அறிவிக்கும் கருவியாயிற்று.

ஆயினும் காலங் கணித்தல் மாத்திரம் ஆராய்ச்சியன்று. தீயிற் கருகிய கலம் உடலோடு சிதையில் எரிந்தது. கருகாத கலம் சாம்பலை அடக்கியபின் குழியில் வைக்கப்பட்டது. மூக்கிற் கரி படியாத விளக்கு ஒருமுறையேனும் ஏற்றப்படாதது. இறந்தவர்க்கென்றே வாங்கியதாதல் கூடும். கரி படிந்ததோ, முன்னர் ஒரு வீட்டில் எரிந்ததாகலாம். அன்றேல் குழியருகே அன்று ஏற்றப்பட்டதாகலாம். இவற்றுள் எதுவெனத் தெளிய, அவ்விளக்குக் கிடந்த இடத்தையும் அயலிற் கிடந்த பொருள்களையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

இங்கேதான் பேரிழப்பொன்று நேர்ந்தது. முற்காலச் சேகரிப்போர் பலர் சிற்பமுடைய விளக்குகளை மட்டும் பொறுக்கியெடுத்து, ஓடுகளையும் எலும்புகளையும் புறக்கணித்தனர். அதனால், எக்குழியில் எடுக்கப்பட்டதென்று அறியப்படாத விளக்குகள் பல இன்று நூதனசாலைகளில் உள்ளன. அவற்றைச் செய்தவன் பெயரை நாம் படிக்கலாம். அவற்றோடு அடக்கப்பட்டவர் ஆணோ பெண்ணோ, முதியோரோ குழந்தையோ என்பதை இனி எவராலும் கூறவியலாது.

கல்லிற் பெயர் பொறிக்க இயலாதவர்க்கு, குழியில் வைத்த விளக்கே எஞ்சிய சாசனம். அதனை இடம் பெயர்த்தவர் அறியாமலே அச்சாசனத்தை அழித்தனர். குழிகளை வரைந்து, ஒவ்வோர் ஓட்டுத் துண்டையும் இலக்கமிட்டுப் பதியும் இக்கால ஆய்வாளரின் பொறுமை, அம்மக்களுக்கு நாம் செலுத்தும் காலந்தாழ்ந்த கடனேயாகும்.