புதிதாக இருந்தால் மட்டும் பேட்டன்ட் கிடைத்துவிடாது

தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறினால் எட்டாவது நிலையம் கிண்டி. தென் மாநிலங்களின் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலகம் அங்கே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. குரோம்பேட்டை மாணவரின் புராஜெக்ட், பெருங்களத்தூர் பட்டறையில் உருவான கருவி, சானடோரியம் வைத்தியரின் தைலம் எதுவானாலும் அங்கே ஒரு சோதனையைத் தாண்டியாக வேண்டும்: சட்டம் இதைக் கண்டுபிடிப்பு என்று ஏற்கிறதா?

எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகா என்று 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. விண்ணப்பிக்கிறவருக்கு அது தடை. நோயாளிக்கும் பரம்பரை அறிவுக்கும் அதுவே காவல். இரண்டு பக்கமும் தெரிந்திருந்தால்தான் நமக்குப் பயன்.

மருந்து: சென்னையில் விழுந்த மறுப்பு

ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக்குக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. புற்றுநோயாளிகளுக்கான ஓர் உதவி அமைப்பும் இந்திய மருந்து நிறுவனங்களும் ஆட்சேபித்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தெரிந்த மருந்துப்பொருளை வேறு வடிவில் தந்தால் போதாது, குணப்படுத்தும் ஆற்றலும் கூடியிருக்க வேண்டும் என்பது 3(டி) உட்பிரிவின் சாரம். அந்த உட்பிரிவே செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்தது. நோவார்ட்டிஸ் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்ற மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தொடர்ந்து விற்க முடிந்தது இதனால்தான்.

சித்த மருத்துவம்: நூலில் இருப்பது யாருக்கும் தனிச்சொத்தல்ல

தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்தில் இருப்பதால், இந்தப் பகுதிக்கு 3(p) உட்பிரிவு முக்கியம். பாரம்பரிய அறிவுக்கும், அதில் தெரிந்த குணங்களை ஒன்றாகச் சேர்த்ததற்கும் காப்புரிமை இல்லை என்கிறது அது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் காப்புரிமை வாங்கியது, இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைக் காட்டி வாதாடியதால் 1997இல் அது ரத்தானது. அந்த அனுபவத்துக்குப் பிறகு உருவான பாரம்பரிய அறிவு மின்நூலகத்தில் சித்த மருத்துவச் செய்முறைகளும் உண்டு. வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் அதைப் பார்த்துச் சரிபார்க்கின்றன.

அதற்காகச் சித்த மருத்துவர் எதற்குமே காப்புரிமை கேட்க முடியாது என்றில்லை. புதிய வடிகட்டும் முறைக்குக் கேட்கலாம். மூலிகைகளைத் தனித்தனியாகக் கொடுத்தால் கிடைக்காத கூடுதல் பலன் கலவையில் கிடைக்கிறது என்று ஆய்வுத் தரவோடு நிரூபித்தாலும் கேட்கலாம். ஆனால் உள்நாட்டு மூலிகையைப் பயன்படுத்தினால், காப்புரிமை வழங்கப்படும் முன் தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2023 சட்டத் திருத்தம் இந்தியர்களுக்கு வைத்த நிபந்தனை இது. வெளிநாட்டவருக்கு முன் அனுமதியே தேவை.

மென்பொருள்: ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி.காரர்களுக்கு

வெறும் கணினி நிரல், கணக்குமுறை, வணிகமுறை மூன்றையும் 3(கே) விலக்குகிறது. 'ஆப்' செய்தேன் என்பது மட்டும் போதாது. நிரல் ஒரு தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்த்தால் நிலைமை வேறு. ஆன்லைன் வாங்கலில் வாடிக்கையாளரின் விவரங்களை மறைத்துக் காக்கும் ஓர் ஏற்பாட்டை வணிகமுறை என்று காப்புரிமை அலுவலகம் ஒதுக்கியபோது, அந்தக் காரணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. கணினி சார்ந்த கண்டுபிடிப்புகளுக்கான புதிய வழிகாட்டுதல் 2025 ஜூலையில் வந்தது. செயற்கை நுண்ணறிவில் வேலை செய்கிறவர்கள் மனு எழுதும் முன் அதைப் படிப்பது நல்லது.

எங்கே சறுக்கும்?

• முதலில் விண்ணப்பம், பிறகு விளம்பரம். கல்லூரிக் கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டிவிட்டால் 'புதுமை' போய்விடும். அரசு அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே 12 மாதச் சலுகை.

• காப்புரிமை அலுவலக இதழில் வெளியானது வேறு, காப்புரிமை கிடைத்தது வேறு. 18 மாதத்தில் பெரும்பாலும் எல்லா விண்ணப்பமும் வெளியாகும். கிடைக்காத பேட்டன்டைப் பொருளில் அச்சிட்டு விற்றால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

• இந்தியாவில் வசிப்பவர் முதலில் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும், இல்லையேல் முன் அனுமதி பெற வேண்டும். இரண்டும் இல்லாமல் வெளிநாட்டில் மனுப் போடுவது குற்றம்.

• பரிசோதனை தானாக நடக்காது. 2024 மார்ச் 15 முதல் அமலான விதிப்படி 31 மாதத்துக்குள் தனி மனுக் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகிவிடும்.

என்ன செய்யலாம்?

தனிநபர், சிறு தொழில், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைன் விண்ணப்பத்தின் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000. வேலை முழுதாக முடியவில்லை என்றால் தற்காலிக விவரணையைக் கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரணைக்கு 12 மாதம் இருக்கிறது. மனு எழுதித் தருகிறவர் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்தானா என்று பார்த்துப் பணம் கொடுங்கள்.

மறுத்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். 2021இல் மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டபின், 2023 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு இயங்குகிறது. 3ஆம் பிரிவு அடைத்தாலும் வேறு வழிகள் உண்டு. எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை, பொருளின் தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு, பெயருக்கு டிரேட்மார்க்.

அடுத்தவர் விண்ணப்பம் நம் பாட்டி வைத்தியத்தைக் கேட்கிறது என்றால்? காப்புரிமை வழங்கப்படும் வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஒரு சமூகத்தில் வாய்வழியாக வழங்கும் அறிவையும் சட்டம் ஆட்சேபத்துக்குக் காரணமாக ஏற்கிறது. விண்ணப்பங்கள் வெளியாகும் காப்புரிமை அலுவலக இதழ் வெள்ளிதோறும் இணையத்தில் இலவசம். ஆனால் 2024 விதிகளுக்குப் பிறகு ஆட்சேபத்துக்குக் கட்டணம் உண்டு. சாரமில்லாத மனு தொடக்கத்திலேயே தள்ளப்படும். அச்சான நூலின் பக்கம், சுவடியின் படி, விற்பனை ரசீது என்று விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஆதாரம் எது இருந்தாலும் தேதி தெரியும்படி இன்றே எடுத்துவையுங்கள்.