துப்பறியும் இசை உங்கள் போனில்!

ஓரகடம் பக்கம் ஒரே அறையில் ஆறு பேர் தங்கி ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. காலையில் போன் ஒலித்தால் யாருடையது என்று கண்டுபிடிக்கவே ஒரு துப்பறிவாளர் தேவை. எல்லாவற்றிலும் போனோடு வந்த அதே ரிங்டோன்! நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் பாடு திண்டாட்டம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை போன் தயாரித்த நோக்கியாவின் ட்யூனும், ஸ்பெயின் கிடார் கலைஞர் டாரெகாவின் இசையில் வெட்டி எடுத்த சில விநாடிகள்தான். நாமும் வெட்டலாமே!

எந்த இசை? கேரட் கடித்தபடி பங்கஜ் கபூர் துப்பறிந்த "கரம்சந்த்" (1985) பலருக்கு நினைவிருக்கும். என் ஓட்டு, 1993-ல் தூர்தர்ஷனில் வந்த "பியோம்கேஷ் பக்ஷி" தொடருக்கு. டைட்டில் இசை ஆனந்த சங்கர்.

இலவச சாப்ட்வேரான அடாசிட்டியில் உங்களிடம் உள்ள பாட்டு பைலைத் திறக்கவும். பிடித்த 25 விநாடிகளைத் தேர்வு செய்து, கண்ட்ரோல் + டி அழுத்தினால் மற்றவை நீங்கிவிடும். கடைசி 3 விநாடிகளை மட்டும் தேர்வு செய்து, எபெக்ட் மெனுவில் பேட் அவுட் கொடுக்கவும். பிறகு எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்து போனுக்கு மாற்றுங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும்!

விடுமுறையில் பார்க்க ஒரு படம்: "அந்த நாள்" (1954). 1943-ல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயத்தில் ஒரு கொலை; விசாரணையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இயக்கியவர் வீணை மேதை எஸ். பாலசந்தர். ஆனால் ஒரு பாட்டு கூட இல்லை. ரிங்டோனுக்கு உதவாது, படமோ கண்ணை எடுக்க விடாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள், பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார்!