படிவத்துடன் வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எவரிடம் பேசினாலும் ஒரே முறைப்பாடுதான். ஒருவழிப் பாதையாக்குகிறார்கள், வாகனம் நிறுத்தத் தடை போடுகிறார்கள், எங்களிடம் யாரும் கேட்பதில்லை என்பார்கள். கேட்க வருபவர்களை நாம் எப்படி அனுப்பி வைக்கிறோம் என்பது வேறு கதை. படிவத்துடன் ஒருவர் வாசலில் நின்றாலே வரிக் கந்தோர் ஆள் என்று நினைத்து, "முதலாளி இல்லை" என்று சொல்லிவிடும் பழக்கம் எம்மவரிடம் நிறையவே உண்டு.

அந்தப் படிவம் எங்கே போகிறது? 2012 முதல் 2014 வரை ஜப்பானின் ஜய்க்கா நிறுவனத்தின் உதவியுடன் கொழும்புப் பெருநகரப் போக்குவரத்துத் திட்டம் தயாரிக்கப்பட்டபோது, மேல் மாகாணத்தில் பல்லாயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்று விசாரித்தார்கள். இப்படியான கணக்கெடுப்பில், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு நாளில் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எதில், எதற்காகப் போனார் என்று கேட்பார்கள். எல்லா வீட்டுக்கும் போக முடியாது. ஆகவே ஒரு வீட்டின் பதில் அந்தப் பகுதியின் பல வீடுகளுக்காகப் பெருக்கப்படும். பொய்யாகச் சொன்ன பதிலும் அப்படியே பெருகும். வீதியோரத்தில் வாகனங்களை எண்ணி அதைச் சரிபார்ப்பதும் உண்டு.

அத்திட்டம் ஏழு பிரதான வழித்தடங்களை ஆராய்ந்தது. ரயில் பாதையே இல்லாத மாலபே வழித்தடத்துக்கு இலகு ரயில் வேண்டும் என்ற யோசனை வலுப்பெற்றது அதன் பின்னர்தான். 2019 இல் கடன் ஒப்பந்தமும் கைச்சாத்தானது. 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. கணக்கு என்ன சொன்னாலும் கடைசி முடிவு அரசியல்வாதியின் கையில்தான்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. வீடு வீடாகக் கேட்டால் மனிதரின் பயணம் பதியும், சரக்கின் பயணம் பதியாது. லொறிகளுக்கென்று தனியாகக் கணக்கெடுத்தாலும், லொறியிலிருந்து இறங்கிய பொதி நாட்டாமையின் முதுகிலும் தள்ளுவண்டியிலும் குறுக்குத் தெருவுக்குள் போகும் தூரம் எளிதில் எந்தப் படிவத்திலும் வராது. அத்துடன், கணக்கெடுப்புக்குப் பெரும்பாலும் சாதாரண வேலைநாட்களையே தெரிவு செய்வார்கள். நோன்பின் கடைசிப் பத்து, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் என்று வீதியே அடைபட்டு நிற்கும் நாட்கள் விடுபட்டுப் போகும். எமக்கு வருடத்தின் உழைப்பே அந்த நாட்களில்தானே!

ஆகவே ஒரு தெருவின் கடைக்காரர்கள் சேர்ந்து தாமே கணக்கெடுப்பது நல்லது. ஒரு சாதாரண வாரம், ஒரு சீசன் வாரம் போதும். லொறி வந்த நேரம், இறக்கி முடித்த நேரம், தள்ளுவண்டி போன தடவைகள் இவற்றை ஒரு கொப்பியில் எழுதலாம். பணம் செலுத்தும் வாடிக்கையாளரிடம் பஸ்ஸில் வந்தீர்களா, ரயிலிலா, சொந்த வாகனத்திலா, நடந்தா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

இந்தக் கடைசிக் கேள்வியை இலேசாக எடுக்க வேண்டாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், தமது வாடிக்கையாளரில் 41 சதவீதமானோர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். வாடிக்கையாளரிடமே கேட்டபோது 22 சதவீதம்தான் தேறியது. எமது தெருக்களில் எவ்வளவு என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். வாகனத் தரிப்பிடத்துக்காகச் சண்டை பிடிப்பதா, பஸ் தரிப்பிடத்தைக் கிட்டக் கேட்பதா என்பது அதைப் பொறுத்தது.

கணக்கை முடித்ததும் மாநகர சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் போக்குவரத்துப் பொலிஸாருக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.