பர்ன்ஸின் குரல் கேட்ட பங்கு

பொம்மைப் படம் தானே, சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்பார் சிலர். சிரிப்போம், தோழர்களே! சிந்திக்கவும் செய்வோம்.

அமெரிக்காவில், 1989 டிசம்பரில் பாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது 'சிம்ப்சன்ஸ்' நகைச்சுவைத் தொடர். நாயகன் ஹோமர், அணுமின் ஆலைத் தொழிலாளி. முதலாளி பர்ன்ஸ், உடம்போ எலும்புக்கூடு, பெட்டியோ பொற்குவியல்! 1993-இல் வந்த ஒரு கதையில், தொழிலாளரின் பல் வைத்தியச் சலுகையைப் பறிக்கப் பார்க்கிறார் பர்ன்ஸ். ஹோமர் சங்கத் தலைவனாகிறான். வேலைநிறுத்தம்! ஊருக்கே மின்சாரத்தை நிறுத்துகிறார் முதலாளி. இருட்டிலும் பாடுகிறார்கள் தொழிலாளர்கள். இறங்கி வருகிறார் பர்ன்ஸ், தலைவர் பதவியை ஹோமர் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதலாளி புத்தி!

திரையில் அது. திரைக்குப் பின்னால்?

முக்கியக் குரல் நடிகர்கள் அறுவர். 1998-இல் ஊதிய உயர்வு கேட்டார்கள். வேறு ஆள் பார்ப்போம் என்று மிரட்டியது நிறுவனம். 2004-இல் கதை வாசிக்கும் கூட்டத்துக்கு வராமல் நின்றார்கள். 2011-இல் நிறுவனம் கத்தியைத் தீட்டியது: ஊதியத்தைக் குறைக்காவிட்டால் தொடரே இல்லை!

ஒரு கதைக்கு ஏறத்தாழ 4,40,000 டாலர் வாங்குவோருக்கா பரிவு என்று கேட்பீர்கள். நாமும் முதலில் அப்படித்தான் முகம் சுளித்தோம். ஆனால், அறுவரில் ஒருவரான ஹாரி ஷியரர் சொன்னதைக் கேளுங்கள்: என் ஊதியத்தில் 70 விழுக்காட்டை வெட்டுங்கள், இலாபத்தில் சிறு பங்கு தாருங்கள் என்றார். முதலாளி பர்ன்ஸுக்குக் குரல் கொடுப்பவரே இவர்தான்!

வெட்ட ஆசை, பங்கிட மனமில்லை. மறுத்தது நிறுவனம். ஏறத்தாழ 3,00,000 டாலருக்கு ஒப்பந்தம் முடிந்தது, இலாபப் பங்கு இல்லாமலே.