ஒரு தறிக்கு ஒரு பாவு

ஆரணியில் நான் போயிருந்த பட்டு வியாபாரி வீட்டுத் திண்ணையில் ஒரு தராசு இருந்தது. நெசவாளர் பட்டும் ஜரிகையும் வாங்கிப் போகும்போது அதில் எடை போடுவார்கள். சேலையாகத் திரும்பி வரும்போது மறுபடியும் எடை. எந்தத் தறியில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதெல்லாம் நீள நோட்டில் இருக்கும். இருபது வருடம் பழகிய கைக்காரர் என்றாலும் தறிக்கு ஒரு பாவுதான், அதாவது தறியில் ஏற்றும் ஒரு நீளவாட்டு நூல் தொகுதிதான். "இது அறுத்து வந்தாத்தான் அடுத்தது" என்றார் பெரியவர். பாவு பாழானாலும், ஆளே ஊரைவிட்டுப் போனாலும், போவது அந்த ஒரு பாவு மட்டும்.

உள்ளறையில் அவருடைய மகன் செல்போனில் கிரிப்டோ வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். "எந்தக் காயின் சார் ஏறும்?" என்று என்னிடம் கேட்டார். எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்றேன். "இருக்கறதையெல்லாம் ஒண்ணுல போட்டாத்தான சார் ஏதாவது தேறும்?" தராசு பத்தடி தள்ளித்தான் இருந்தது.

கையிலிருக்கும் முதலில் ஒரு வியாபாரத்துக்கு எவ்வளவு என்று பிரித்து வைப்பதைச் சந்தைக்காரர்கள் 'பொசிஷன் சைஸிங்' என்பார்கள். எதை வாங்குவது என்பதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கணிதமோ இதைத்தான் முதலில் கேட்கிறது.

2016-இல் நிதித்துறையைச் சேர்ந்த விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டூயி இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். 61 பேர், பெரும்பாலும் நிதித்துறை மாணவர்களும் இளம் ஊழியர்களும். ஆளுக்கு 25 டாலர். தலை விழும் வாய்ப்பு 60 சதவீதம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட ஒரு நாணயத்தைக் கணினியில் அரை மணி நேரம் சுண்டலாம், விரும்பிய தொகையைப் பந்தயம் வைக்கலாம். இதைவிடச் சாதகமான ஆட்டம் வாழ்க்கையில் கிடைக்காது. ஆனாலும் 28 சதவீதம் பேர் மொத்தத்தையும் இழந்தார்கள். 18 பேர் ஒரே சுண்டலில் கையிலிருந்த அத்தனையையும் வைத்திருந்தார்கள்.

ஏன் என்று நூறு ரூபாயில் பார்க்கலாம். பத்து முறை சுண்டுகிறீர்கள். சொன்னபடியே ஆறு வெற்றி, நாலு தோல்வி. ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கை வைத்தால் நூறு, 122 ஆகியிருக்கும். பாதியை வைத்தால்? 71 ரூபாய்தான் மிஞ்சும். அதே நாணயம், அதே ஆறு வெற்றி. வைத்த அளவு ஒன்றுதான் வேறு. பாதியை இழந்தவர் பழைய இடத்துக்கு வர, மிஞ்சியது இரட்டிப்பாக வேண்டும் என்பதால் வரும் வினை இது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956-இல் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். இந்த நாணயத்துக்கு அது சொல்லும் உச்ச அளவு 20 சதவீதம். அதுவே வயிற்றைக் கலக்கும் அளவு என்பதால் பலர் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நடைமுறையில் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் கையிலிருக்கும் முதல் 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வியாபாரத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று முடிவு செய்கிறீர்கள், அதாவது 2,000 ரூபாய். வாங்கிய விலையிலிருந்து 10 சதவீதம் இறங்கினால் விற்றுவிடுவது என்றால், 20,000 ரூபாய்க்குத்தான் வாங்கலாம். ஒவ்வொரு முறையும் மிஞ்சியதில் 2 சதவீதம் என்று தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் 81,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ஒவ்வொரு தடவையும் 25 சதவீதம் இழப்பவரிடம் அதே பத்துத் தோல்விக்குப் பின் இருப்பது 5,600 சொச்சம்.

இதில் ஓர் ஓட்டை. 'இறங்கினால் விற்றுவிடுவேன்' என்ற கணக்கு, விற்க முடிந்தால்தான் பலிக்கும். 2022 மே முதல் வாரத்தில் 80 டாலர் அளவில் இருந்த லூனா என்ற காயின், 13-ஆம் தேதி ஒரு சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனது. அன்று முடங்கிய வர்த்தகம் 2025 அக்டோபரில்தான் திரும்பியது. களவுபோன காயின் ஒருவகை. வேறுவகை வைத்திருந்தவர்களின் கணக்கும் சேர்ந்தே முடங்கியது. அப்படி ஒருவர் தொடுத்த வழக்கில்தான், கிரிப்டோவும் ஒரு சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. ஆகவே காயினுக்கு மட்டுமல்ல, ஒரு தளத்தில் எவ்வளவு வைப்பது என்பதற்கும் வரம்பு வேண்டும்.

ஆரணிக்காரர்களுக்கு இது புதிய பாடமுமல்ல. மாதம் 25, 30 சதவீதம் என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனத்துக்கு இந்த ஊரிலும் கிளை இருந்தது. பணம் போட்டு ஏமாந்தவர்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர், தொகை 2,438 கோடி ரூபாய் என்பது பொருளாதாரக் குற்றப் பிரிவின் கணக்கு. சராசரியாகத் தலைக்கு 2 லட்சத்துக்கு மேல். பட்டில் கிராம் கணக்குப் பார்க்கும் ஊர் அல்லவா இது!

அந்த இளைஞருக்கு ஒரு தாளில் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள். ஜெயித்தால் நூற்றுக்கு 68 ரூபாய் 80 காசுதான் கைக்கு வரும், தோற்றால் நூறும் போகும். இதை அந்த 60-க்கு 40 நாணயத்தில் பொருத்திக் கெல்லி சூத்திரத்தில் போட்டால், 1 லட்சத்தில் 20,000 வைக்கலாம் என்றிருந்த விடை 1,900-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அவர் வாங்கிய காயின் அத்தனை சாதகமானதுதானா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 'வாங்கு' பொத்தானைத் தொடுமுன் நீங்களும் ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள்.