பிளேட்லெட்டுக்கு நாலு பேர்

ரத்தப் புற்றுக்கான சிகிச்சை நாட்கணக்கில் முடிகிற காரியமல்ல. குழந்தைகளுக்கு அதிகம் வருவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற வகை. அதற்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் மருந்து தர வேண்டியிருக்கிறது. முதல் மாதம் ஏறக்குறைய ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். நரம்பில் வின்கிறிஸ்டின், முதுகில் மெத்தோட்ரெக்சேட் ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை என்று வரிசையாக ஏறும். அடுத்த சில மாதங்கள் வீட்டுக்கும் வார்டுக்குமாக அலைச்சல். அதன் பிறகு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தபடியே தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், இடையிடையே ரத்தப் பரிசோதனை. பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் அக்யூட் மைலாய்டு லுக்கேமியாவில் காலம் இதைவிடக் குறைவு, கடுமை அதிகம். எந்த வகையானாலும், பெற்றோரும் உடன்பிறந்தாரும் மட்டும் நின்று சமாளித்துவிட முடியாது. சிநேகிதர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்பதெல்லாம் சிகிச்சையின் போக்கையே பாதிக்கும்.

எப்போதும்வென்றான் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு முதல் பிரச்சினை தூரம். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில், தூத்துக்குடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் முன்னால் வருகிற மானாவாரிக் கரிசல் ஊர் அது. காய்ச்சலுக்குப் போகவும், முதல் ரத்தப் பரிசோதனைக்கும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியோ போதும். லுக்கேமியா என்று தெரிந்துவிட்டால் திருநெல்வேலி, மதுரை என்று நகர வேண்டியிருக்கும். சிலரைச் சென்னைக்கு அனுப்புவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று என்றால் வேலூர் சி.எம்.சி.யின் பெயரும் வரும். கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸையோ நெல்லை எக்ஸ்பிரஸையோ பிடித்தால் சென்னைக்கு ஓர் இரவுப் பயணம். புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூடப் போகிற ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரிச் சான்றிதழை வாங்கி, முன்பதிவு கவுன்ட்டரில் வரிசையில் நிற்பது பெரிய விஷயமாகத் தெரியாது. அதைச் செய்ய ஒருவர் ஊரில் இருந்தால் நோயாளியின் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம்.

சிநேகிதர்களுக்கு வருகிற முதல் போன் பெரும்பாலும் ரத்தத்துக்காகத்தான் இருக்கும். கீமோ மருந்து புற்றணுக்களை மட்டும் பார்த்து அடிப்பதில்லை. மஜ்ஜையில் புதிதாகப் பிறக்கும் நல்ல அணுக்களையும் சேர்த்தே அழிக்கும். வார்டு பாஷையில் இதைத்தான் ‘கவுண்ட் இறங்கிருச்சு’ என்பார்கள். ஆரோக்கியமான ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், இருக்கும். அது பத்தாயிரத்துக்குக் கீழே போனால், ரத்தக் கசிவு தொடங்கும்வரை காத்திருக்காமல் பிளேட்லெட் ஏற்றிவிடுவார்கள். சிவப்பணுப் பையைக் குளிர்பெட்டியில் ஐந்து, ஆறு வாரம் வைத்திருக்கலாம். பிளேட்லெட் அப்படியல்ல. 20 முதல் 24 டிகிரி சூட்டில், ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் நிறைய சேர்த்துவைக்க வழியில்லை. “மாப்ள, கவுண்ட் எட்டாயிரமாம், நாளைக்குக் காலையில நாலு பேரு வேணும்” என்ற போன் திடீரென்று வருவதற்கு இதுதான் காரணம்.

நாலு பேரில் கடைசியில் ஒருவரிடமிருந்துதான் எடுப்பார்கள். மற்றவர்கள் ஏதோ ஒரு காரணத்தால் கழிந்துவிடுவார்கள்: ஒருவருக்கு எடை 50 கிலோவுக்குக் கீழே, இன்னொருவர் முதல் நாள் மூட்டுவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருப்பார், மூன்றாமவருக்குக் கை நரம்பு மெலிசு. ஹீமோகுளோபின் 12.5 இல்லாததால் திரும்பிப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். தேர்வானவரை ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, ரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள். இயந்திரம் சுழற்றிப் பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பிவிடும். ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்தால் உதடு லேசாக மரத்துப்போகும். சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஒன்று கொடுப்பார்கள். கடைசியில் கிடைப்பது வைக்கோல் நிறத்தில் ஒரு சிறு பை. சாதாரண முறையில் ஐந்தாறு பேரிடம் எடுத்துச் சேர்க்கிற அளவு அந்த ஒரு பையில் இருக்கும். பையின் மேல் குரூப்பும் எண்ணும் தேதியும்தான் ஒட்டியிருக்கும். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று அதில் இல்லை. முழு ரத்தம் கொடுத்தால் ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். பிளேட்லெட் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்துத் திரும்பவும் கொடுக்கலாம். வாரத்துக்கு இருமுறைக்கு மேலும், ஆண்டுக்கு 24 முறைக்கு மேலும் கூடாது. இந்த இயந்திரம் பெரிய ரத்த மையங்களில்தான் இருக்கும். கரிசல் ஊர்க்காரர் ஒருவருக்கு இது ஒரு முழு நாள் வேலை.

இந்த இடத்தில் உறவைவிட நட்புக்கே மருத்துவம் முன்னுரிமை கொடுக்கிறது. அண்ணன், தம்பி, அப்பா, அம்மா ரத்தம் கொடுக்க முந்திக்கொண்டு வருவார்கள், மருத்துவர்கள் தயங்குவார்கள். நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்பில் அந்நியமாகத் தெரியாமல் தங்கிப் பெருகி, அந்த உடம்பையே தாக்கும் ஆபத்து அரிதாக உண்டு. அதைத் தடுக்கக் கதிர்வீச்சு செலுத்திய பிறகே அந்த ரத்தத்தை ஏற்ற வேண்டும். பின்னால் மஜ்ஜை மாற்று செய்யும் வாய்ப்பு இருந்தால் இன்னொரு சிக்கல்: யாருடைய மஜ்ஜையை எடுக்கப் போகிறார்களோ அவர்களுடைய ரத்தத்தை முன்கூட்டியே ஏற்றினால், நோயாளியின் உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிடும். ஆகவே உடன்பிறந்தார் மஜ்ஜைக்குக் காத்திருக்க, ரத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் கூடப் படித்தவரும் போவதுதான் சரியான ஏற்பாடு.

காசு வாங்கி ரத்தம் கொடுப்பவர்கள் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. அதிலிருந்து தன்னார்வத்தில் தருகிறவர்களும், நோயாளிக்காக வருகிற நண்பர்களும்தான் கதி. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘அவசரம், பி பாசிட்டிவ்’ தகவல்கள் இதன் தொடர்ச்சி. அவற்றில் பாதிக்குத் தேதி இருப்பதில்லை. எப்போதோ தேவைப்பட்ட ரத்தத்துக்கு இன்னும் போன் வந்துகொண்டிருக்கும். குரூப், ஆஸ்பத்திரி, எத்தனை பை, எந்தத் தேதி, யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி, தேவை முடிந்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று அதே குழுவில் போடுவதை ஒருவர் பொறுப்பாகச் செய்தால் போதும். குரூப் வாரியாகப் பெயர் எழுதி, யார் எப்போது கொடுத்தார் என்று குறித்துவைத்திருக்கும் ஒரு நோட்டு இதைவிட நல்லது. எல்லாரும் முதல் வாரத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டால் மூன்றாவது மாதம் கேட்க ஆள் இருக்காது.

கவுண்ட் இறங்கும் நாட்களில் ரத்தக் கசிவைவிடப் பெரிய பயம் காய்ச்சல். கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 500-க்குக் கீழே இறங்கிய நோயாளிக்கு உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம்தான். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்டுப் பார்க்கவும் கூடாது. கூடிய சீக்கிரம் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு வரக்கூடிய ஒரு சிநேகிதர் எப்போதும்வென்றானில் இருப்பதன் மதிப்பு அப்போதுதான் தெரியும். நான்குவழிச் சாலை இருந்தும் என்ன, அந்த நேரத்தில் வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே.

இதே காரணத்தால், நம் ஊரில் அன்பின் அடையாளமாக இருக்கிற ஒரு வழக்கம் இந்த நோயில் கெடுதலாகிவிடுகிறது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகாவிட்டால் ஊர் ஒரு மாதிரி பேசும். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வேன் பிடித்து வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அதில் ஒருவருக்கு இருக்கும் சளி போதும், நோயாளி ஐ.சி.யூ.வுக்குப் போக. வராமல் இருப்பதும் உதவிதான் என்று ஊருக்கு எடுத்துச் சொல்வது வீட்டுக்காரர்களால் ஆகாது, சொன்னால் மனஸ்தாபம். அந்தப் பொல்லாப்பை ஒரு நண்பர் ஏற்றுக்கொள்ளலாம். சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். அப்போதே சமைத்துச் சூடாகத் தருவது, கொதித்து ஆறிய தண்ணீர், கழுவித் தோலுரித்த பழம் சரி. வெட்டிவைத்த பழம், ராத்திரி ஊறிய பழையது, புளித்த கம்மங்கூழ் ஆகியவற்றைக் கவுண்ட் ஏறும்வரை விலக்கச் சொல்வார்கள். கரிசலில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தை, மாசியில் களத்திலும் ரோட்டிலும் உளுந்தடிக்கும்போது கிளம்பும் தூசியில் பூஞ்சைக் காளான் வித்துகள் இருக்கும். நல்ல நுரையீரலுக்கு அது வெறும் தும்மல்; இவர்களுக்கு நிமோனியாவாகலாம். அந்த வாரங்களில் நோயாளியின் வீட்டுப் பக்கம் தாம்பு ஓட்டாமல் இருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

அடுத்தது பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை, வருமானச் சான்று, விண்ணப்பம் என்று நடக்கத் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் அந்த வழி திறக்கும். ஆனால் பஸ் காசு, வாடகை அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கூட இருப்பவர் இழக்கும் தீப்பெட்டி ஆபீஸ் கூலி எதுவும் காப்பீட்டில் வராது. இந்தியாவில் குழந்தை ரத்தப் புற்று சிகிச்சை தோற்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பாதியில் நிறுத்திவிடுவது. வசதி படைத்த நாடுகளில் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா வந்த குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். மருந்து இங்கேயும் பெரும்பாலும் அதே மருந்துதான். குழந்தை தேறிவிட்டதுபோலத் தெரியும், விதைப்பு நேரம் வரும், கையில் காசு இருக்காது, ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றுவிடும். நண்பர்கள் திரட்டும் பணத்தை முதல் மாதத்தில் மொத்தமாகக் கொட்டுவதைவிட, மொய் நோட்டுபோலப் பெயரும் தொகையும் எழுதி, மாதத்துக்கு இவ்வளவு என்று இரண்டு வருடத்துக்கும் பிரித்துக்கொண்டால் பலன் அதிகம். புரட்டாசியில் நோயாளி வீட்டாரின் நிலத்தையும் சேர்த்து உழுது விதைத்துக் கொடுப்பது காசுக்குச் சமம். தங்குமிடத்துக்கு, குழந்தைகளோடு வரும் குடும்பங்களை இலவசமாகத் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் சென்னையிலும் இருக்கின்றன.

எல்லா ரத்தப் புற்றும் இப்படி வார்டில் கிடத்துவதில்லை. க்ரானிக் மைலாய்டு லுக்கேமியாவுக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரையை நாள்தோறும் சாப்பிட்டால், பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே பல ஆண்டுகள் வாழலாம். ஒரு காலத்தில் க்ளீவெக் என்ற பெயரில் அதன் விலை மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். இந்தியக் கம்பெனிகள் தயாரித்தது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. க்ளீவெக்கைத் தயாரிக்கும் நோவார்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. வழக்கு 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. அதில் மருந்துக் கம்பெனிகளோடு சேர்ந்து எதிர்த்து நின்றது ஒரு புற்றுநோயாளி உதவிச் சங்கம். இந்த நோயாளிகளைச் சேர்த்துவைத்த இன்னொரு அமைப்பின் பெயரிலேயே நட்பு இருக்கிறது: ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’. அர்ஜென்டினாவைச் சேர்ந்த மேக்ஸ் என்ற இளைஞன் 1991-இல் இந்த நோயில் இறந்தான். அவன் நினைவில் 1997-இல் அமெரிக்காவில் மேக்ஸ் ஃபவுண்டேஷன் உருவானது. இந்தியாவில் விஜி வெங்கடேஷ் முன்னின்று நடத்திய கூட்டங்களில் மாத்திரை வாங்க வந்தவர்களே ஒருவருக்கொருவர் ஆலோசகர்களானார்கள். நண்பர்களோடு டீ குடித்து, அந்தச் சாக்கில் மருந்துக்குப் பணம் சேர்க்கும் ‘சாய் ஃபார் கேன்சர்’ இயக்கமும் இவர்களுடையது. இந்த வகையில் நோயாளிக்குப் பெரிய ஆபத்து, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடுவது. அதை ஆஸ்பத்திரியைவிட, அதே மாத்திரையைச் சாப்பிடுகிற சிநேகிதர் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.

கீமோ போதாமல் மஜ்ஜை மாற்று தேவைப்படுகிறவர்களுக்கு நண்பர் வட்டம் இன்னும் பெரிதாக வேண்டும். இந்தியாவில் முதல் மாற்று 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது, வேலூர் சி.எம்.சி. 1986-இல் தொடங்கியது. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டும் நம் குடும்பங்களில் சில சமயம் பெற்றோரோ மற்ற உறவினரோ பொருந்துவதும் உண்டு. அதுவும் இல்லையென்றால் முன்பின் தெரியாதவரைத் தேட வேண்டும். இந்தப் பொருத்தம் வம்சாவளி சார்ந்தது என்பதால், தமிழருக்குத் தமிழரிடம் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2007-இல் அமெரிக்காவில் சமீர் பாட்டியா, வினய் சக்ரவர்த்தி என்ற இரண்டு இந்திய வம்சாவளி இளைஞர்களுக்கு அக்யூட் மைலாய்டு லுக்கேமியா வந்தபோது, பதிவேட்டில் தெற்காசியர் மிகக் குறைவு. இருவரின் நண்பர்களும் கோயில், கல்லூரி, கம்பெனி என்று முகாம் போட்டு 11 வாரங்களில் 24,000-க்கும் அதிகமான தெற்காசியர்களைப் பதிவு செய்யவைத்தார்கள். இருவருக்கும் மாற்று நடந்தது; நோய் திரும்பி 2008-இல் இருவரும் இறந்தார்கள். அந்தப் பதிவுகளால் பொருத்தம் கிடைத்தது வேறு பலருக்கு.

இங்கே அதே வேலையைச் சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி பதிவகம் செய்கிறது. சேர்வதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். பொருந்தியவருக்குப் பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, பிளேட்லெட் எடுப்பதுபோலவே கை நரம்பு வழியாக மூலச் செல்லைப் பிரித்துக்கொள்வார்கள். முதுகெலும்பைத் துளைப்பார்கள் என்ற பயத்தில் வீட்டார் தடுத்து, பொருந்தியவர் கடைசியில் பின்வாங்குவதும் நடக்கிறது. முகாமுக்குக் கூட்டம் சேர்ப்பதோடு நிறுத்தாமல், பதிவு செய்தவரின் அம்மாவிடமும் உட்கார்ந்து விளக்குகிறவர்தான் காரியத்தை முடிப்பவர்.

வீட்டில் மாத்திரை சாப்பிடும் நீண்ட கட்டத்தில் சத்தம் அடங்கிவிடும். தலைமுடி போனதைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை; ‘திருச்செந்தூருக்கா?’ என்பதோடு சரி. பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லித்தரவும், வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே தகவல் சொல்லவும் ஒரு வகுப்புத் தோழனின் வீடு வேண்டும். ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார், சில வாரம் நிறுத்துவார்; எந்த நாளில் எத்தனை மாத்திரை என்று எழுதிவைக்காவிட்டால் குழம்பும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போகிற வீடுகளில், சாயங்காலம் ஒருமுறை எட்டிப்பார்த்து அட்டையில் டிக் போடுகிறவர் யாரோ ஒருவர் கட்டாயம் வேண்டும். மருந்து முடிந்த பிறகும் முதலில் மாதாமாதம், பிறகு இடைவெளி விட்டு, பல ஆண்டுகள் பரிசோதனைக்குப் போக வேண்டும். தடுப்பூசிகளை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் அப்போதுதான் சொல்வார்கள்.