பத்துப் பேர் இல்லாத பட்டறைக்கு எந்தக் காப்பீடு?

சேலம் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை என்றால் பெரும்பாலும் வீட்டின் முன்னறைதான். கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று நாலைந்து பேர். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகள் பலவும் இதே அளவுதான்.

இவர்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன கதி? இ.எஸ்.ஐ. கட்டாயம் ஆக வேண்டுமென்றால் 10 பேராவது வேலை பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000 என்பது இன்றைக்கு ஒரு வருமானமா? புருஷனும் பெண்டாட்டியும் தறி ஓட்டினாலே தாண்டிவிடும். மிச்சமிருப்பது தனியார் பாலிசி. அதில் ஏஜென்ட் சொல்வதுதான் கணக்கு.

இந்த இடத்துக்குத்தான் ‘பீமா சுகம்’ வருகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மார்ச்சில் விதிகளை வெளியிட்டது. எல்லா நிறுவனங்களின் பாலிசிகளையும் ஒரே இணையச் சந்தையில் ஒப்பிட்டு வாங்கலாம், கிளெய்மும் அங்கேயே கேட்கலாம், வாங்குபவரிடம் கட்டணம் கிடையாது என்பது திட்டம். 2025 செப்டம்பரில் இணையதளம் திறந்தார்கள். முதலில் தகவல் மட்டும், விற்பனை படிப்படியாக.

ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 3 லட்ச ரூபாய் பாலிசி, அறை வாடகைக்கு வரம்பு அதில் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3,000. ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறைதான் காலியாக இருக்கிறது என்று படுத்தால், வாடகை மட்டுமா பாதியாகும்? டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டலாம். பீமா சுகம் இணையப் பக்கத்தில் பிரீமியத்துக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில், தமிழில் இந்த வாடகை வரம்பு இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதேபோல் 2013இல் திறந்த மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில், சர்க்கரை இருக்கிறது என்பதற்காக யாரையும் தள்ளவோ கூடுதலாகக் கேட்கவோ முடியாது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு பிரீமியத்தில் பங்கு தருகிறது. இங்கே இரண்டும் இல்லை. பழைய நோய்க்கு 3 ஆண்டுவரை காத்திருக்க வைக்கலாம்.

பலருக்குச் சேர்த்து எடுக்கும் குழுப் பாலிசி என்றால் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் சேர்த்துப் பேசி வாங்க முடியும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீங்கியது தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு மட்டும்தான். முதலாளி தன் ஆட்களுக்குச் சேர்த்து எடுத்தால் 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. நாலு பேருக்கு நல்லது செய்ய நினைப்பவரிடம் வரி கேட்பது என்ன நியாயம்?

பல பட்டறைகள் சேர்ந்து குழு அமைக்கலாமா என்றால், காப்பீட்டுக்காகவே கூடிய குழுவுக்குப் பாலிசி தரக் கூடாது என்பது விதி. ஆனால் ஏற்கெனவே இயங்கும் தொழில் சங்கம் எடுக்கலாம். தறிக்காரர், கொலுசுக்காரர் சங்கங்கள் உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இப்போதே நிறுவனங்களிடம் விலை கேட்கலாம்.